கலரில் எடுக்கவில்லையா, தம்பி?

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒருவருடைய கறுப்பு வெள்ளைப் படத்தை அவர் கையில் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். அடுத்து வருவது இன்னும் நேரடியாக இருக்கும்: "செத்தவீட்டுப் படம் போல இருக்கிறது." சொல்பவர்கள் மீது பிழை இல்லை. மின்கம்பத்திலும் சந்தி மதிலிலும் ஒட்டும் கண்ணீர் அஞ்சலியும், அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகமும் நெடுங்காலம் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகி வந்தன. கலர் அச்சு மலிந்த பிறகும் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கலர் போன முகம் என்றால் ஆள் போய்விட்டார் என்றே மனம் வாசிக்கிறது.

இங்கே கறுப்பு வெள்ளையில் ஆட்களை எடுக்க நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும். வன்னி மண்ணில் கறுப்பு வெள்ளை தானாகவே துக்கத்தின் பக்கம் சாயும். வெடித்த சுவர், குனிந்த தலை, இருண்ட பின்புலம் என்று மூன்றையும் சேர்த்துவிட்டால் எடுப்பவர் மெனக்கெடவே தேவையில்லை, சோகம் வந்து உட்கார்ந்துவிடும். 2009இல் போர் முடிந்த பிறகு வந்துபோன எத்தனையோ கமராக்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போயின. அன்று காலையில் வயலுக்கு உரம் எறிந்துவிட்டு வந்த மனிதர் படத்தில் நாதியற்றவராக நிற்பார். எனக்கு அந்த வகைப் படங்கள் அலுத்துவிட்டன.

கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் நிறம் குறைந்தால் காசு குறையும். கறுப்பு வெள்ளையில் ஆட்களை அவரவர் இடத்தில் வைத்து எடுப்பது எனக்காகச் செய்வது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் அலைந்து எடுத்ததில் கைக்கு வந்தவற்றை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்கே நிற்கப் போகிறீர்கள்?

ஆளைப் பார்த்தவுடன் இடத்தைத் தெரிவு செய்துவிடும் பழக்கம் படம் எடுப்பவர்களுக்கு உண்டு. நான் இப்போது கேட்டுவிடுகிறேன்: "ஐயா, எந்த இடத்தில் எடுப்போம்?" வரும் பதில் பெரும்பாலும் நான் எதிர்பார்க்காததாக இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கும் ஒருவரை வரம்பில் நிறுத்தி எடுக்கலாம் என்று போனேன். அவர் என்னைக் கொட்டிலுக்குள் அழைத்துப்போய் லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். வயல் குத்தகையாம், மெசின்தான் சொந்தமாம். அந்த ஒரு வசனத்தில் படத்தின் அமைப்பு மாறிவிட்டது. மெசினின் நீண்ட கைப்பிடிகள் இரண்டும் முன்புறத்திலிருந்து அவரை நோக்கி ஓட, அவர் அவற்றின் முடிவில் நின்றார். வரம்பில் எடுத்திருந்தால் படம் அழகாக இருந்திருக்கும், ஆனால் ஊரில் யாருக்கும் பொருந்தியிருக்கும்.

விசுவமடுப் பக்கம் ஓர் அக்கா. வீட்டுத்திட்ட வீட்டின் முன்கதவில்தான் நிற்பேன் என்றார். காணியின் பின்பக்கத்தில், முன்பு இருந்த தகரக் கொட்டில் இன்னும் நின்றது. துருப்பிடித்த தகரத்தின் நெளிவுகள் கறுப்பு வெள்ளையில் எப்படி வரும் என்று படம் எடுக்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை. என் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. "அதற்குள் இருந்தது போதும் தம்பி" என்றார். சரிதானே. கதவடியில் எடுத்தோம். பூசிய சுவர் கறுப்பு வெள்ளையில் வெளிறிய, வழவழப்பான சாம்பல். கதவு நிலை கடுங்கறுப்பு. நிலைக்குள் அவர். படச் சட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு கீற்றுப் போல அந்தக் கொட்டிலின் மூலை தெரிகிறது. அதையும் கமராத் திரையில் அவரிடம் காட்டி, இருக்கட்டுமா என்று கேட்டுத்தான் விட்டேன். கதவடியில் கழற்றிய செருப்புகளை ஒதுக்கப் போனவரை மட்டும் தடுத்தேன். செருப்பும் விளக்குமாறும் சைக்கிளும் இருந்தால்தான் அது ஆள் வாழும் வீடு.

இடத்தோடு ஆளை எடுக்கும் இந்தக் கலையில் இரண்டு பேரின் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் அமெரிக்கரான ஆர்னல்ட் நியூமன். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை 1946இல் எடுத்த படத்தில், திறந்து நிற்கும் பியானோ மூடிதான் சட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். மனிதர் இடப்பக்கக் கீழ் மூலையில், தலையைக் கையில் தாங்கியபடி சிறிதாக இருப்பார். படம் எடுக்கச் சொன்ன சஞ்சிகையே அதை வேண்டாம் என்று திருப்பியது. பனையில் ஏறிச் சீவும் ஒருவரை எடுக்கப் போனபோது எனக்கு அந்தப் படம்தான் நினைவில் இருந்தது. மரத்தடியில் அவர், ஏறும்போது காலில் மாட்டும் தளநாரைக் கையில் எடுத்து நிற்க, பனையின் அடிமரம் சட்டத்தின் பாதிக்கு மேல் கறுப்பாக எழுந்து மேல் விளிம்பை முட்டியது. மனிதரைச் சிறிதாக்கினால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அவர் தினமும் ஏறி இறங்கும் உயரம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றால் மரத்துக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

மற்றவர் ஜேர்மனியரான ஆகஸ்ட் சாண்டர். தன் நாட்டு மக்களைத் தொழில் தொழிலாக எடுத்துச் சேர்த்தவர். 1928இல் அவர் எடுத்த பேஸ்ட்ரி செய்பவர், பெரிய பாத்திரத்தைப் பிடித்தபடி கமராவை நேராகப் பார்த்து நிற்கிறார். யாரும் சிரிக்கச் சொல்லவில்லை, யாரும் "சாதாரணமாக இருங்கள்" என்று கெஞ்சவும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்களும் கமராவைக் கண்டால் அப்படித்தான் நிற்பார்கள். கை இரண்டும் தொங்க, நாடி சற்று உயர, கண் நேராக. அடையாள அட்டைக்கும், இடம்பெயர்ந்த காலப் பதிவுகளுக்கும், முகாம் பதிவுகளுக்கும் நின்று நின்று பழகிய நிலை அது. அதை உடைக்க வேண்டும் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் உடைப்பதில்லை. அந்த நிமிர்வு அவர் தனக்குக் கொடுக்கும் மரியாதை. கைக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தால் போதும். மண்வெட்டிப் பிடி, வலையின் ஓரம், படலையின் குறுக்குத்தடி, பேரப்பிள்ளையின் தோள் என்று அவருடைய கை வழமையாகப் போகும் இடம் ஒன்று இருக்கும்.

செம்மண்ணும் தோலும்

இனி நிறம் போன பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். புதிதாகத் தொடங்குபவர் அடிபடும் இடம் இது.

வன்னியில் கிரவல் ரோட்டும் செம்மண் சுவரும் கலரில் அள்ளிக்கொண்டு போகும். வெயிலில் வேலை செய்யும் ஒருவர் மண் சுவருக்கு முன்னால் நின்றால் கலரில் அருமையான படம். அதையே கறுப்பு வெள்ளையாக்கினால் மனிதர் சுவருக்குள் போய்விடுவார். காரணம் எளிது. மனிதத் தோல், கறுத்ததோ வெளுத்ததோ, நிற வட்டத்தில் செம்மஞ்சள் பக்கத்தில்தான் விழுகிறது. செம்மண்ணும் அதே பக்கம். படத்தைத் திருத்தும் மென்பொருளில் செம்மஞ்சளை உயர்த்தினால் முகம் வெளிக்கும், சுவரும் சேர்ந்து வெளிக்கும். தாழ்த்தினால் இரண்டும் சேர்ந்து இருளும். அந்தக் கருவியால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிரிப்பதென்றால் எடுக்கும் நேரத்தில் வெளிச்சத்தால் பிரிக்க வேண்டும்: ஆளைச் சுவரிலிருந்து இரண்டு எட்டு முன்னே கொண்டுவந்து, பக்கவாட்டு வெளிச்சம் முகத்தில் விழும்படியும் சுவர் நிழலில் கிடக்கும்படியும் நிறுத்துவது. அல்லது வெள்ளைச் சாரமோ வெளிர்நிறச் சட்டையோ இடையில் வரவேண்டும்.

நெல்வயல் இதற்கு நேர்மாறாக உதவி செய்யும். பச்சைப் பயிர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் அதில் மஞ்சள் நிறைய இருக்கிறது. பச்சையை உயர்த்திப் பார்த்து மாற்றம் போதவில்லை என்று குழம்புபவர்கள் மஞ்சளைத் தொட்டுப் பார்க்கட்டும், வயல் முழுவதும் வெளிறும். முன்னால் நிற்கும் மனிதர் கறுத்து, தெளிவாக, தனியாக நிற்பார். காலபோகம் விளைந்து தை மாதத்தில் அறுவடைக்கு நிற்கும் வயல் என்றால் எதையும் தொட வேண்டியதே இல்லை. விளைந்த கதிர் தானாகவே வெளிர்சாம்பல். உழுது தண்ணீர் கட்டிய வயலும் அப்படித்தான். சேறு தோலின் அதே இருட்டு, ஆனால் விடியற்காலையில் தாழ்ந்து நின்று பார்த்தால் தண்ணீர் வானத்தை வாங்கி வெள்ளைத் தகடாகிவிடும். வட்டுவாகலில் நந்திக்கடல் என்ற கடல்நீரேரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுபவர்களை எடுப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆள் கறுப்பு, நீர் வெள்ளை. இடையில் உள்ள சாம்பலை வலையும் அலையும் பார்த்துக்கொள்ளும்.

இதை எல்லாம் மனக்கணக்காகப் போடுவது தொடக்கத்தில் கடினம். கமராவில் படத்தை ரோ கோப்பாகச் சேமிக்கும்படியும், திரையில் மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டும்படியும் வைத்துக்கொள்ளுங்கள். ரோ கோப்பில் நிறம் முழுவதும் பத்திரமாக இருக்கும். கண்ணுக்கு முன்னால் சாம்பல் தெரிவதால் சுவருக்குள் ஆள் கரைவது அங்கேயே பிடிபடும்.

தொடுவானம் எங்கே வெட்டுகிறது

வன்னி தட்டை நிலம். இங்கே தொடுவானக் கோடு இல்லாமல் வெளிப்புறப் படம் எடுப்பது அரிது. தட்டை நிலத்தில் அந்தக் கோடு எப்போதும் கமராவின் உயரத்திலேயே விழும். இதைப் புரிந்துகொண்டால் பாதி அமைப்பு முடிந்தது. உங்கள் உயரமுள்ள ஒருவரைக் கண் மட்டத்தில் கமராவை வைத்து எடுத்தால் கோடு அவர் கண்ணின் ஊடாகவோ காதின் ஊடாகவோ போகும். கலரில் வானத்தின் நீலம் அதைக் கொஞ்சம் மறைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் தலையை இரண்டாக அறுத்தது போல நிற்கும். முழங்காலில் இருந்து கமராவை அவர் இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் கோடும் இடுப்புக்கு இறங்கும், தோளும் தலையும் வெறும் வானத்தில் நிற்கும். எதிர்ப்பக்கமும் செய்யலாம். டிரக்டர் பெட்டியில் ஏறி நின்றால் கோடு தலைக்கு மேலே போய்விடும், ஆள் முழுவதும் வயலுக்குள் இருப்பார். ஆளை உயர்த்திக் காட்ட முதலாவது, அவர் நிலத்தோடு பிணைந்திருப்பதைக் காட்ட இரண்டாவது.

இரணைமடுக் குளக்கட்டு இந்தப் பயிற்சிக்கு நல்ல இடம். 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த குளம். கட்டின் மேல் ஆளை நிறுத்தி, நீங்கள் சரிவில் இறங்கி நின்றால் எந்த ஏணியும் இல்லாமல் இடுப்பு மட்டமும் முழங்கால் மட்டமும் கிடைக்கும்.

பனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைக்கு நேர் பின்னால் ஒரு பனை நின்றால், கறுப்பு வெள்ளையில் தலையும் மரமும் ஒன்றாகி, ஆளுக்கு வட்டு முளைத்துவிடும். அரை எட்டு இடமோ வலமோ வைத்தால் தீரும் சங்கதி. வேலிக் கதிகால், மின்கம்பம், கதவு நிலை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: தலையைச் சுற்றி ஒரு கை அகலமாவது ஒரே மாதிரியான சாம்பல் இருக்கட்டும். கூட்டம் நிறைந்த படத்திலும் முகத்தைக் கண்டுபிடிக்க வைப்பது அந்த வெறுமைதான்.

லென்ஸ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். முழுச்சட்டக் கமராவில் 35 மில்லிமீற்றர், சிறிய சென்சர் என்றால் 23. பின்புலத்தைக் கரைத்து வெண்ணெயாக்கும் எஃப் 1.8 என்ற அகலமான லென்ஸ் திறப்பு கலியாண வீட்டுக்குச் சரி. இங்கே பின்புலத்தைக் கரைத்தால் பிறகு எதற்கு அவர் வீடு தேடிப் போனோம்? 35 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 8 வைத்து இரண்டரை மீற்றரில் நிற்பவரைக் குவித்தால், ஏறத்தாழ 1.7 மீற்றரிலிருந்து 5 மீற்றர் வரை தெளிவாக இருக்கும். ஒரு கொட்டிலின் முன்புறத்திலிருந்து பின்சுவர் வரை அதற்குள் அடங்கும். இருட்டான குசினியில் கமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை உயர்த்தத் தயங்க வேண்டாம். கலரில் அசிங்கமாகத் தெரியும் புள்ளிகள் கறுப்பு வெள்ளையில் பழைய பிலிமின் மணல்தன்மையாக அடங்கிவிடும்.

வெயிலும் மீற்றரும்

கிளிநொச்சிக்கு நேர் மேலே சூரியன் நிற்கும் காலம் வருடத்தில் இரண்டு: சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும், ஓகஸ்ட் முடிவிலும். அந்த நாட்களில் மதியம் வெளியில் நிற்பவருக்குக் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் இருக்கும். அப்போது விறாந்தைக்குள் வாருங்கள். நிழல் தொடங்கும் கோட்டிலிருந்து ஓர் எட்டு உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்தினால், முற்றத்திலிருந்து தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து கண்ணுக்குள் போகும். முல்லைத்தீவுக் கரையோரத்து வெண்மணல் முற்றம் இதற்குப் பெரிய கொடை. கிரவல் முற்றம் அவ்வளவு தெறிக்காது. கலரில் அது நாடியில் சிவப்பைப் பூசிவிடும், கறுப்பு வெள்ளையில் அந்தக் கவலை இல்லை.

கிடுகுக் கூரையின் கீழே மட்டும் கவனம். ஓட்டை வழியே விழும் வெயில் பொட்டுகள் கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளையாக எரிந்து நிற்கும். ஒரு சாக்கை எடுத்துக் கூரையில் அந்த இடத்தில் போட்டால் முடிந்தது. அதே கூரையின் கீழ் அடுப்பு எரியும்போது, புகைக்குப் பின்னாலிருந்து ஒரு கீற்று வெயில் வந்தால் சாக்கைத் தொடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வானம் முழுவதும் ஒரே விளக்கு. எல்லா நேரமும் எடுக்கலாம், ஆனால் எல்லாம் ஒரே சாம்பலாகப் போகும் அபாயம் உண்டு. அப்போது கதவு, சன்னல், கொட்டிலின் வாசல் போன்றவற்றுக்குள் ஆளை நிறுத்துவேன். உள்ளே போகப் போக வெளிச்சம் வேகமாக விழுந்துவிடும், கதவிலிருந்து ஒரு கை தூரத்தில் முகம் துலங்கும், பின்னால் சுவர் இருளும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் தூசி படத்துக்கு அழகு, கமராவுக்குக் கேடு. லென்ஸை வெளியில் வைத்து மாற்றாதீர்கள்.

கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். குளக்கட்டில் வானம் பின்னால் இருந்தால் முகத்தைக் கரியாக்கும். இருண்ட கொட்டிலின் வாசல் என்றால் வெள்ளைச் சட்டையை எரித்துவிடும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் புள்ளி மீற்றருக்கு மாற்றி வெளிச்சம் படும் கன்னத்தை அளந்து, அது சொல்வதை விட ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறைத்து வைப்பது எங்கள் நிறத்துக்கு நல்ல தொடக்கம். குறைக்காமல் விட்டால் கறுத்த தோல் வெளிறி, ஆளுக்குச் சுண்ணாம்பு பூசியது போல வரும். பிறகு கணினியில் தோலை வெளுக்கச் செய்யும் ஆசை சிலருக்கு உண்டு. கலியாண வீட்டில் கேட்பார்கள், செய்து கொடுக்கிறேன், அது வியாபாரம். இந்தப் படங்களில் கறுத்த தோல் கறுப்பாகவே இருக்க வேண்டும். அந்தக் கறுப்புக்குள் வியர்வையின் மினுக்கமும் சுருக்கமும் தெரிகிற அளவுக்கு விபரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

குனிந்து எடுக்க வேண்டாம்

பரந்தனுக்கு அப்பால் தெருவோரத்தில் ஒருவர் சைக்கிள் திருத்துகிறார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் செயற்கைக் கால். எடுக்கலாமா என்று கேட்டதும் அவர் முதலில் சொன்னது: "கால் தெரிந்தால் தெரியட்டும். அதற்காகக் குனிந்து எடுக்க வேண்டாம்." முன்னர் வந்தவர்கள் எப்படி எடுத்தார்கள் என்பது அந்த வசனத்திலேயே இருந்தது.

அவர் கோணல் எடுக்கும் நேரத்தில் எடுத்தேன். சில்லைத் தலைகீழாய் நிற்கும் சைக்கிளில் சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணைச் சற்றே மூடி, வளையம் எந்த இடத்தில் பிரேக் கட்டையில் உரசுகிறது என்று பார்ப்பார். பிறகு கம்பிச் சாவியால் ஒரு கம்பியைக் கால் சுற்று இறுக்குவார். மீண்டும் சுற்றுவார். நான் சில்லுக்கு எதிர்ப்பக்கம் அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து, கம்பிகளின் ஊடாக அவர் முகத்தைக் குவித்தேன். தானியங்கிக் குவிப்பு முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கையால் குவிக்க வேண்டியிருந்தது. பின்னால் டயர்கள் தொங்கும் தடி, பக்கத்தில் டியூப் அமிழ்த்தும் தண்ணீர்ப் பேசின். பேசின் தண்ணீர் வானத்தை வாங்கி வெள்ளை வட்டமாக இருந்ததால், சில்லின் பெரிய வட்டத்துக்கு அது ஒரு சிறிய துணையாக அமைந்தது. ஷட்டரை 1/60 செக்கனுக்கு வைத்ததில் கம்பிகள் இலேசாகக் கலங்கி, முகம் தெளிவாக நின்றது. கால் கீழே இருக்கிறது, தேடினால் தெரியும்.

இந்த வகைப் படத்தில் முகத்தை விட இடம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கடைப் பலகை, வீட்டு இலக்கம், கோயில் கோபுரம், பாடசாலைச் சீருடை என்று ஊர்க்காரர் ஒரே பார்வையில் இன்ன இடம் என்று சொல்லிவிடுவார்கள். போரில் இருந்தவர்கள், வழக்கு உள்ளவர்கள், தனியாக வாழும் பெண்கள் எனப் பலருக்கு அது சிக்கலாகலாம். படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். இராணுவ முகாம் வேலியோ காவலரணோ சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், விசாரிக்க வந்தால் பதில் சொல்லப்போவது அங்கே இருப்பவர்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தை நாடே அறியும். அவர்கள் கையில் பிடித்திருக்கும் படங்களும் படங்கள்தான். படத்துக்குள் படம் வரும்போது கையில் உள்ள முகமும் பிடித்திருப்பவர் முகமும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டும் தெளிவாக விழ வேண்டும். லமினேட் செய்த படம் வானத்தை வாங்கி வெள்ளையாகிவிடும், மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கச் சொன்னால் போதும்.

ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. ஓர் அம்மா தன் மகனின் படத்துக்குக் கீழே நின்று எடுக்கச் சொன்னார். அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பித்த படம், பின்னால் ஸ்டூடியோக்காரர் போட்ட நீலம். சுவரில் இன்னும் இரண்டு படங்கள் இருந்தன, அவற்றுக்குப் பிளாஸ்டிக் மாலை. மகனின் படத்துக்கு மாலை இல்லை. பொட்டும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரையில் கறுப்பு வெள்ளையில் பார்த்தபோது மூன்று படங்களும் ஒன்று போலவே இருந்தன. மாலை இருப்பதும் இல்லாததும் சாம்பலுக்குள் சிறிய வேறுபாடு. அந்த நீலம் இருந்தால்தான் மகன் தனியாகத் தெரிகிறான். அந்தப் படத்தை நான் கறுப்பு வெள்ளையாக்கவில்லை. கலரிலேயே கொடுத்தேன், கலரிலேயே வைத்திருக்கிறேன். அதை என் தொகுப்பில் சேர்க்க முடியவில்லை என்பது உண்மை. தொகுப்பு காத்திருக்கலாம்.

படத்தைக் கொடுப்பது

எடுத்தவருக்கு அச்சுப் பிரதி கொடுக்காமல் நான் எந்தப் படத்தையும் வெளியில் காட்டுவதில்லை. போனில் அனுப்பினால் போதும் என்று சொல்பவர்களுக்கும் தாளில்தான் கொடுப்பேன். இடம்பெயர்வில் அல்பங்களை இழந்த வீடுகள் இங்கே அதிகம். சுவரில் தொங்கும் ஒரு படத்தின் பெறுமதி அந்த வீடுகளில் வேறு. இரண்டாகக் கொடுப்பேன், ஒன்று கலர், ஒன்று கறுப்பு வெள்ளை. எதைச் சுவரில் மாட்டுவது என்பது அவர்கள் பாடு. பெரும்பாலும் கலர்தான் ஏறும். பனை சீவும் ஐயா மட்டும் கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொண்டு, கல்வெட்டுக்கு இதைத்தான் போட வேண்டும் என்று மகளிடம் ஒப்படைத்தார். மகள் அவரை ஏசினார். அவர் சிரித்துக்கொண்டே பனஞ்சாறு இறக்கும் முட்டியைக் கழுவப் போனார்.

அச்சில் ஒரு தொல்லை இருக்கிறது. கலர்ப்படம் அச்சிடும் மெசினில் கலர்த்தாளில்தான் கறுப்பு வெள்ளையும் அச்சாகும். அதனால் சாம்பலில் இலேசான பச்சையோ ஊதாவோ படியும், முகத்தில் அது உடனே தெரியும். கொடுக்கும்போதே தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், முதலில் ஒரு சிறிய பிரதி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். படத்துக்கு மெல்லிய பழுப்புச் சாயல் கொடுத்துவிட்டால் மெசின் செய்யும் நிறப் பிசகு அதற்குள் மறைந்துவிடும். திரையில் சரியாகத் தெரியும் இருட்டு தாளில் இன்னும் ஒரு படி இருண்டுதான் வரும், ஆகவே கொட்டிலுக்குள் எடுத்த படங்களில் நிழல்களைச் சற்றுத் தூக்கிவிட்டே அனுப்பவேண்டும். பளபளப்புத் தாளை விட மினுங்காத மட்டுத் தாள் நல்லது. எங்கள் வீடுகளில் படம் தொங்குவது வாசலுக்கு எதிர்ச் சுவரில், பளபளப்புத் தாள் என்றால் பகல் முழுவதும் முற்றம்தான் அதில் தெரியும்.